கருப்பைக்குத் தேதி தெரியாது

ஆழ்வார்குறிச்சியிலோ கடையத்திலோ சிவசைலத்திலோ பசு வளர்ப்பவர் எவரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மாடு என்றைக்குப் பருவத்துக்கு வந்தது, ஊசி போட்டும் சினை பிடிக்காவிட்டால் மறுபடி என்றைக்குக் கத்தும் என்று விரல்விட்டுச் சொல்வார். இருபத்தொரு நாள் கணக்கு. காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி. இந்த அறிவில் பிழை கிடையாது. கால்நடை மருத்துவர் சொல்வதும் இதுவேதான். அதே வீட்டில் மகளுக்கோ மனைவிக்கோ மாதாமாதம் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்பார். பெண்களைக் கேட்டாலோ, "கெட்ட ரத்தம் வெளியேறுது" என்பதற்கு மேல் பெரும்பாலும் நகராது. பசுவின் சுழற்சியையும் பெண்ணின் சுழற்சியையும் நடத்துபவை அதே ஹார்மோன்கள். ஒன்றைப் பற்றிச் சந்தையில் நின்று சத்தமாகப் பேசலாம், மற்றொன்றைப் பற்றி வீட்டுக்குள்கூடக் கிசுகிசுக்கத்தான் வேண்டும் என்று வைத்திருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

முதலில் அந்தக் கெட்ட ரத்தத்தை விட்டுவிடுவோம். மாதவிடாயில் வருவது ரத்தமும், கருப்பையின் உள்வரிச் சவ்வின் துணுக்குகளும், சளி போன்ற நீரும் கலந்தது. ரத்தக்குழாயில் ஓடும் அதே நல்ல ரத்தம். உடம்பில் சேர்ந்த அழுக்கு எதுவும் அந்த வழியாகக் கழிவதில்லை. அந்த வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் ராப்பகலாகப் பார்த்துக்கொள்கின்றன. ரத்தம் வரும் நாளை முதல் நாள் என்று எண்ணுவது நம் வசதிக்கு. உண்மையில் அது ஒரு நீண்ட கதையின் கடைசிப் பக்கம். கதை முட்டையில் தொடங்குகிறது.

அந்த முட்டை என்றைக்கு உண்டானது என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் திகைக்க வைக்கிறது. ஒரு பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சினைப்பைகளில் அறுபது, எழுபது லட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு குறைவுதான். பிறக்கையில் பத்திலிருந்து இருபது லட்சம். பெரிய மனுஷி ஆகும்போது மூன்று, நான்கு லட்சம். ஆயுள் முழுக்க வெளிவருபவை சுமார் நானூறு. ஆக, ஆச்சி தன் மகளைச் சுமந்திருந்த நாளிலேயே, பின்னாளில் பேத்தியாகப் போகும் முட்டையும் அதே வயிற்றுக்குள் இருந்தது.

ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறு பைக்குள் உறங்கிக் கிடக்கிறது. ஸ்கேன் மையங்களில் 'ஃபாலிக்கிள்' என்று சொல்கிறார்களே, அந்தப் பை. தினமும் சில பைகள் விழித்துக்கொண்டு வளரத் தொடங்கும். இந்த மாதம் வெளிவரும் முட்டை இந்த மாதம் வளர்ந்ததன்று. அது பல மாதங்களுக்கு முன்பே புறப்பட்டது. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. வழியிலேயே மிகப் பெரும்பாலானவை மடிந்துவிடும். மாதவிடாய் தொடங்கும் நாட்களில், அந்த வளர்ச்சிக் கட்டத்தை எட்டி நிற்கும் ஒரு சில பைகளுக்கு மட்டும் வாய்ப்பு வருகிறது.

வாய்ப்பைத் தருவது மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது எஃப்.எஸ்.ஹெச் என்ற ஹார்மோனை அனுப்ப, நாலைந்து பைகள் ஒன்றாக வளர்கின்றன. வளரும் பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் ஏறி பிட்யூட்டரியை எட்டியதும், எஃப்.எஸ்.ஹெச் குறைகிறது. சற்று முந்திக்கொண்ட பை குறைந்த தீனியிலும் பிழைக்கக் கற்றுவிடுகிறது. மற்றவை பட்டினியில் வாடிப்போகின்றன. இரட்டைப் பிள்ளைகள் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். யாரும் உத்தரவிடாமல், சுரப்பின் ஏற்ற இறக்கத்தாலேயே நடக்கும் தேர்வு இது.

பிட்யூட்டரிக்கு மேலே ஹைபோதலாமஸ் என்ற மூளைப் பகுதி. அங்கிருந்து ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒருமுறை ஜி.என்.ஆர்.ஹெச் என்ற ஹார்மோன் துளித்துளியாக வருகிறது. மாதக் கணக்கை வைத்திருப்பது இந்த மூளைப் பகுதிதான் என்ற எண்ணம் இருந்தது. 1970-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் க்னோபில் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். ரீசஸ் குரங்குகளின் மூளையில் அந்தப் பகுதியைச் செயலிழக்கச் செய்து, ஹார்மோனைக் கருவி மூலம் செலுத்தினார். இடைவிடாமல் செலுத்தியபோது சுழற்சி செத்தது. மணிக்கு ஒருமுறை என்று விட்டுவிட்டுச் செலுத்தியதும் சுழற்சி உயிர்த்தது. வியப்பு அடுத்ததில் இருக்கிறது. மாதம் முழுக்கக் கொஞ்சமும் மாறாத அதே மணிக்கு ஒருமுறைத் துடிப்பைக் கொடுத்தபோதும் முட்டை வளர்ந்தது, வெளிவந்தது, இருபத்தெட்டு நாளை ஒட்டி ரத்தமும் வந்தது. கருவிக்குத் தேதி தெரியாது. அப்படியானால் மாதத்தைக் கணக்கிடுவது யார்? சினைப்பை என்ற முடிவுக்கு 1980-இல் க்னோபில் வந்தார். மாதம் என்பது ஒரு பை வளர எடுத்துக்கொள்ளும் நேரமும், அந்தப் பை வாழ்ந்து மடிய எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்தது. அவ்வளவுதான். எங்கும் யாரும் நாளை எண்ணவில்லை.

அந்த முந்திய பை சுமார் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும்போது அதன் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொடுகிறது. அதுவரை ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற பிட்யூட்டரி அடங்கிக்கொண்டிருந்தது. உச்சம் ஏறத்தாழ இரண்டு நாள் நிலைத்தால் விளைவு தலைகீழாகிறது: அடங்கியிருந்த பிட்யூட்டரி எல்.ஹெச் என்ற ஹார்மோனை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. அதே பொருள், அதே சுரப்பி, நேர்மாறான பதில். உடலியலில் இப்படியொரு திருப்பம் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. வெள்ளம் தொடங்கி ஒன்றரை நாளில் பை வெடித்து முட்டை வெளியேறுகிறது. அதற்கு ஆயுள் அதிகம்போனால் ஒரு நாள்.

முட்டை போன பிறகு வெறும் பை மடிவதில்லை. மஞ்சள் நிறமேறி, கார்ப்பஸ் லூட்டியம் என்ற புதுச் சுரப்பியாகிறது. அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் கருப்பைச் சவ்வைக் கருவுக்கு ஏற்றதாக்குகிறது. உடல் வெப்பத்தையும் அரை டிகிரிக்குள் உயர்த்தி வைக்கிறது. கரு வந்து பதிந்தால் அது தானே ஒரு ஹார்மோனை அனுப்பி இந்தச் சுரப்பியைக் காப்பாற்றும். செய்தி வராவிட்டால் இரண்டு வாரத்தையொட்டி அது தன்னால் சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் இறங்கும், அதற்கடுத்தது ரத்தம். பசுவில் இந்த இடம் வேறுமாதிரி. அங்கே கருப்பையே ஒரு பொருளை அனுப்பி மஞ்சள் சுரப்பியை அழிக்கிறது. மாடு பருவத்துக்கு வரக் கால்நடை மருத்துவர் சில வேளை போடும் ஊசி அந்தப் பொருள்தான்.

ஜப்பானில் கியூசாகு ஓகினோ என்ற மருத்துவர் அறுவைச் சிகிச்சைகளில் தாம் கண்டவற்றை நாட்களோடு ஒப்பிட்டு, 1924-இல் ஒன்றைச் சொன்னார். முட்டை வெளிவரும் நாளைப் போன மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது; அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி, 12 முதல் 16 நாள் என்று எண்ண வேண்டும். பின்பாதி ஓரளவு நிலையானது, முன்பாதிதான் நீளும், குறுகும். காய்ச்சல், பட்டினி, தேர்வுப் பயம், ஓயாத ஓட்டம் ஆகியவை துடிப்பை மந்தமாக்கிப் பையின் வளர்ச்சியைத் தள்ளிப்போட்டால் எல்லாமே தள்ளிப்போகும். 'நாள் தள்ளிப் போச்சு' என்று பதறும்போது தள்ளிப்போயிருப்பது பெரும்பாலும் ரத்தமன்று, இரண்டு வாரத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய முட்டை. 2019-இல் ஒரு செல்பேசிச் செயலியில் பதிவான ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளைக் கணக்கிட்ட ஆய்வில் சராசரி 29.3 நாள் வந்தது; முன்பாதி 16.9, பின்பாதி 12.4. இருபத்தெட்டு என்பது எழுதி வைத்த சட்டமில்லை. வளர்ந்த பெண்ணுக்கு இருபத்து நாலிலிருந்து முப்பத்தெட்டு நாள் வரை எதுவும் இயல்புதான் என்பதே இன்றைய மருத்துவக் கணக்கு. ஐந்து நாள் பிந்தியதற்காகத் தினசரிக் காலண்டரின் முன் நின்று அழும் பிள்ளைகளிடம் இதை யாராவது சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் மதுரைக்குப் போக வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற விலங்கியல் பேராசிரியர் உயிர்களின் உள்கடிகாரத்தை ஆராய்ந்துவந்தார். சமணர் மலைக் குகை வௌவால்களில் அவரும் மாணவர்களும் செய்த ஆய்வு உலகம் அறிந்தது: வெளிச்சமே எட்டாத இருட்டில் அடைத்து வைத்த வௌவாலும், கூட்டம் போவதும் வருவதும் தெரிந்தால் போதும், தன் நேரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளும். மனிதர்களையும் சோதிக்க, வெளிச்சம், ஓசை, கடிகாரம் எதுவும் எட்டாத தனியறை ஒன்றை அவர்கள் பல்கலைக்கழகத்தில் அமைத்தார்கள். அங்கே தனித்திருந்த ஒரு பெண்ணின் மாதவிடாய் பற்றி எல். கீதா, ஜி. மாரிமுத்து முதலியோருடன் சேர்ந்து சந்திரசேகரன் எழுதிய கட்டுரை 1991-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. பொழுது தெரியாத அறையில் மனிதரின் தூக்கமும் விழிப்பும் இருபத்துநாலு மணிக் கணக்கிலிருந்து நழுவித் தன்போக்கில் ஓடத் தொடங்கும். உடம்பு 'இத்தனை முறை தூங்கி எழுந்தாயிற்று' என்று எண்ணித்தான் மாதவிடாயை வரவழைக்கிறது என்றால், நாள் நீளும்போது மாதமும் நீள வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல என்பதே அவர்கள் கண்டது. ஒரே ஒரு பெண்ணில் கண்டது என்றாலும், பிட்ஸ்பர்க்கில் குரங்குகள் சொன்ன அதே திசையைக் காட்டியது. நம் மண்ணில் இத்தனை நேர்த்தியான கேள்வி ஒன்று கேட்கப்பட்டது என்பதைப் பள்ளிப் பாடப்புத்தகம் சொல்லாமல் இருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

வௌவால் கூட்டத்தைப் பார்த்து நேரம் கற்றால், விடுதிப் பெண்கள் ஒருவரைப் பார்த்து மற்றவர் மாதம் கற்பார்களா? 'ஒருத்திக்கு வந்தா அறையில எல்லாருக்கும் வந்துரும்' என்று கல்லூரி விடுதிகளில் நம்பாதவர் குறைவு. 1971-இல் மார்த்தா மெக்லின்டாக் அமெரிக்க விடுதி ஒன்றின் 135 பெண்களைக் கொண்டு அப்படித்தான் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. 2006-இல் சீன விடுதிப் பெண்கள் 186 பேரிடம் ஓராண்டுக்கு மேல் பார்த்ததில் அப்படி ஒத்திசைவு எதுவும் காணப்படவில்லை. கணக்குப் போட்டாலே விளங்கும்: இருபத்தெட்டு நாள் சுழற்சியுள்ள இருவரின் முதல் நாளுக்கு இடையே அதிகபட்ச இடைவெளியே பதினான்கு நாள், சராசரி ஏழு. ரத்தப்போக்கு ஐந்து நாள் நீண்டால் நாட்கள் அடிக்கடி மேலேறி விழும். சேர்ந்து வந்த மாதம் நினைவில் நிற்கும், சேராத மாதம் மறந்துபோகும். நிலாவோடு முடிச்சுப் போடுவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

இனி அந்தக் கடைசிப் பக்கம். புரோஜெஸ்டிரோன் இறங்கும்போது கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் மார்க்கீ என்ற ஆய்வாளர். குரங்கின் கருப்பைச் சவ்விலிருந்து சிறு துணுக்கை எடுத்து அதே குரங்கின் கண்ணுக்குள், கருவிழிக்குப் பின்னால் உள்ள நீரறையில் ஒட்டினார். அது அங்கே வேர்விட்டு மாதாமாதம் வளர்ந்தது, தேய்ந்தது, ரத்தம் கசிந்தது. கண்ணாடி போன்ற கருவிழி வழியே உருப்பெருக்கியில் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். 1940-இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படிக்கையில் குரங்குக்காக மனம் கனக்கிறது. அந்நாளில் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போன ரீசஸ் குரங்குகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து கப்பலேறியவை. 1978-இல்தான் அந்த ஏற்றுமதியை நம் நாடு நிறுத்தியது. அவை விட்டுச்சென்ற அறிவு இது: ரத்தம் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, சவ்வுக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் நாளங்கள் இறுகிக்கொள்கின்றன. மேலடுக்கு மூச்சுத் திணறி மடிந்து, துணுக்குத் துணுக்காகக் கழன்று வருகிறது. கூடவே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது. அடிவயிற்றைச் சுருட்டும் வலி அதுதான். மெஃபனமிக் அமில மாத்திரை வேலை செய்வது அந்தப் பொருளின் உற்பத்தியைத் தடுத்து. வலி கற்பனையும் இல்லை, சோம்பலுக்குச் சாக்கும் இல்லை, வேதியியல்.

கழன்ற இடம் ஆறுவதுதான் அதைவிடப் பெரிது. ரத்தம் நிற்பதற்குள்ளேயே அடியில் மிஞ்சிய செல்கள் பரவிப் புண்ணை மூடத் தொடங்குகின்றன. ஆயுளில் நானூறு முறை உரிந்தாலும் தழும்பு விழுவதில்லை. வளர்ந்த மனித உடலில் இப்படித் தழும்பில்லாமல் திரும்பத் திரும்ப ஆறும் இடம் அரிது.

இவ்வளவு கட்டி எழுப்பி ஏன் இடிக்க வேண்டும்? பெரும்பாலான பாலூட்டிகள் இடிப்பதில்லை. கரு வந்து சொன்ன பிறகே கருப்பையைத் தயார் செய்கின்றன. நாய்க்குப் பருவத்தில் கசியும் ரத்தம் வேறு வகை. நம்மைப்போல் கருவுக்கு முன்பே தயாராகி, வராவிட்டால் உரிப்பவை சில குரங்கினங்கள், சில வௌவால்கள், யானைமூஞ்சூறு, 2017-இல் கண்டறிந்த ஒரு முள்மயிர்ச் சுண்டெலி வகை என்று விரல்விட்டு எண்ணும் அளவே. குற்றாலத்திலும் பாபநாசத்திலும் கையிலிருப்பதைப் பறித்து ஓடும் நம் நாட்டுக்குரங்குக்கும் ஏறத்தாழ மாதம் ஒருமுறை வரும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என்.ஆர். மௌட்கல் குழுவினர் அதைக் கொண்டு பல ஆண்டுகள் ஹார்மோன் ஆய்வு செய்தார்கள். தென்னிந்தியக் குகைகளிலும் பாழுங்கிணறுகளிலும் தொங்கும் ஒரு பழந்தின்னி வௌவால் இனத்துக்கு மனிதரைப் போன்ற சுழற்சி இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2007-இல் எழுதினார்கள்.

காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒரு விளக்கம் வலுப்பெற்று வருகிறது. மனிதக் கரு கருப்பைச் சுவரை ஆழமாகத் துளைத்து, தாயின் ரத்த நாளத்தையே தனக்கேற்ப மாற்றிக்கொள்வது. அதன்முன் தாய் தற்காப்பாகச் சவ்வை முன்கூட்டியே தடிக்கச் செய்கிறாள். மனிதக் கருக்களில் குரோமோசோம் பிழை உள்ளவை ஏராளம். தடித்த சவ்வு வந்த கருவைப் பரிசோதித்து, தேறாததை அடுத்த மாதவிடாயோடு அனுப்பிவிட உதவுகிறது. ஒன்பது மாத உழைப்பையும் உயிரையும் பணயம் வைப்பதற்கு முன் உடம்பு கேட்டுப்பெறும் உறுதி அது. தீட்டு என்று ஒதுக்கி வைத்த அந்த மூன்று நாள், உயிரியல் கணக்கில் இப்படியொரு பொறுப்பான வேலை.

சடங்கு வைத்து, உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுக்கும் பாசத்தில் நம் வட்டாரம் குறைவைத்ததில்லை. ஆனால் அந்தச் சிறுமிக்கு ஒரு செய்தி மட்டும் விடுபட்டுப் போகிறது: முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் சொல்லி வராது. அந்த வயதில் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான அந்தத் தலைகீழ்த் திருப்பம் முழுசாகப் பழகியிருக்காது. பல மாதங்களில் முட்டை வெளிவராமலே ரத்தம் வரும். நாற்பத்தைந்து நாள்கூட இடைவெளி விழும். 2017 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி, உடையில் கறை பட்டதற்காக வகுப்பில் அவமானப்பட்டதாக எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டாள் என்று செய்தி வந்தது. அந்த வயதில் எந்த உடம்பும் நாளை முன்கூட்டிச் சொல்லாது. இதை அவளுக்கும், அவளைச் சுற்றியிருந்த அத்தனை பெரியவர்களுக்கும் சொல்லித்தராமல் விட்டது நாம்தான். தமிழ்நாடு அரசு 2011-இல் அறிவித்த புது யுகம் திட்டத்தால் கிராமத்துச் சிறுமிகளுக்கும் இலவச நாப்கின் கிடைக்கிறது. பெரிய உதவி. நாப்கினோடு நாலு வரி விளக்கமும் கிடைக்க வேண்டும்.

விளக்கம் பெரிய பெண்களுக்கும் தேவை. ஒரு மாதவிடாயில் போவது சராசரியாக முப்பது, நாற்பது மில்லி ரத்தம். எண்பதைத் தாண்டினால் அது அதிகம், சோகை வரும். தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மணிக்கு ஒரு துணி நனைந்தும், ஏழெட்டு நாள் நிற்காமலும், 'எனக்கு எப்பவும் இப்படித்தான்' என்று மடியில் பீடித்தட்டை வைத்தபடி நாளைத் தள்ளும் அக்காமார் எத்தனையோ பேர். அது இயல்பில்லை. கட்டியோ வேறு கோளாறோ இருக்கலாம், பார்த்தால் தீரும். அதுபோலவே 'நீர்க்கட்டி' என்று ஸ்கேனில் எழுதியதைக் கண்டு அலறும் பிள்ளைகள். பெரும்பாலும் அவை கட்டியே அல்ல. முந்த முடியாமல் பாதி வழியில் நின்றுபோன அந்தச் சிறு பைகள்தான்.

முட்டைகள் தீரும் காலமும் வரும். நம் நாட்டுப் பெண்களுக்கு அது நாற்பத்தாறு, நாற்பத்தேழை ஒட்டி. பைகள் இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் இல்லை. அடக்க ஆளில்லாமல் பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச்-சை அள்ளி அள்ளிக் கொட்டுகிறது, ஆண்டுக்கணக்கில். கேட்க யாருமில்லாத அந்த ஹார்மோன் சிறுநீரில் போகிறது. இத்தாலியில் பியரோ டோனினி என்ற வேதியியலாளர் இதைக் கவனித்து, 1949-இல் மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். மருந்தாக்க நிறையச் சிறுநீர் வேண்டியிருந்தபோது, கன்னியர் மடங்களில் வாழ்ந்த வயதான சகோதரிகள் கொடுத்தார்கள். புரூனோ லூனென்ஃபெல்ட் என்ற மருத்துவர் அந்த மருந்தை முட்டை வளராத ஒரு பெண்ணுக்குச் செலுத்த, 1962-இல் இஸ்ரேலில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. கருத்தரிப்பு மையங்களில் ஹெச்.எம்.ஜி என்ற பெயரில் இன்றும் போடும் ஊசி அதன் வழிவந்தது. இன்றும் அதை மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்துதான் எடுக்கிறார்கள்.